வர மறுக்கும் கைகள்

தீபாவளி முடிந்ததும் மூடப்படும் பட்டாசு ஆலைகள் மறுபடி பூஜை போட்டுத் திறக்கிற நாட்களில், சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரத்தில் ஆலைக்காரர்களை அரிக்கும் கேள்வி ஒன்று உண்டு. போன சீசனில் மருந்து கலந்தவர் இந்த சீசனுக்கும் வருவாரா? வேன் ஊருக்குள் போய் நிற்கிறது. மற்றவர்கள் ஏறுகிறார்கள், அவர் ஏறவில்லை. ரேட்டைக் கூட்டினால் வருகிறேன் என்று சொல்லி அனுப்புகிறார். அல்லது பக்கத்து ஆலையில் கூடுதல் முன்பணம் பேசிவிட்டார்கள் என்று செய்தி வருகிறது. ஆலைக்காரருக்கு முதலில் கோபம் வருகிறது. பிறகு பழைய முன்பணக் கணக்கு நோட்டைத் தேடி எடுக்கிறார். அதுவும் பலிக்காவிட்டால், அரைகுறையாக வேலை தெரிந்த ஒருவரை அந்த அறையில் உட்காரவைத்து உற்பத்தியைத் தொடங்கிவிடுகிறார். இந்த மூன்று வழியும் தவறு. மூன்றாவது வழி ஆளைக் கொல்லக்கூடியது.

கால்பந்து உலகம் இதே சிக்கலோடு பல தலைமுறைகளாக மல்லுக்கட்டி வந்திருக்கிறது. ஒப்பந்தத்தை மாற்றுங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள், அதுவரை களத்தில் இறங்க மாட்டேன் என்று நட்சத்திர வீரர் உட்கார்ந்துவிட்டால் அணி என்ன செய்ய வேண்டும்? கோடிகளை இழந்தும், நீதிமன்றங்களில் தோற்றும், தரவரிசையில் சரிந்தும் அணிகள் இதற்கான பாடத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கற்றிருக்கின்றன. அந்தப் பாடத்தை விருதுநகர் மாவட்டத்துக்குக் கொண்டுவருவதில் பொருள் இருக்கிறது. இரண்டு தொழிலும் சீசனை நம்பியவை. இரண்டிலும் தேர்ச்சி என்பது இயந்திரத்தில் இல்லை, சிலரின் உடம்பில் இருக்கிறது. அந்தச் சிலரை அழைத்துக்கொள்ளப் போட்டியாளர் பக்கத்திலேயே காத்திருக்கிறார். வருமானத்தில் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் இருப்பது உண்மைதான். அந்த வித்தியாசம் எந்தப் பக்கம் கூடுதல் கவனத்தைக் கோருகிறது என்பதற்குப் பிறகு வருகிறேன்.

ஆலையின் நட்சத்திரம் யார் என்று வெளியூர்க்காரரிடம் கேட்டால் பெட்டியின் மேல் அச்சாகியிருக்கும் பிராண்டின் பெயரைச் சொல்வார். ஃபயர் ஆபீஸ் என்று இங்கே அழைக்கப்படும் பட்டாசு ஆலைக்குள் வேலை பார்ப்பவர்களுக்கு விடை வேறு. வெயில் ஏறுவதற்கு முன்னால், தனியாக ஒதுங்கி நிற்கும் சின்ன அறையில், வெடியுப்பையும் கந்தகத்தையும் அலுமினியப் பொடியையும் அளந்து, சலித்து, கலப்பவர் அவர். இரும்பு படக்கூடாது, உராயக்கூடாது, கீழே விழக்கூடாது, உடம்பில் பருத்தித் துணிதான் இருக்க வேண்டும் என்ற விதிகள் சுவரில் எழுதப்பட்டிருக்கும். சுவரில் எழுத முடியாதது அவர் கையில் இருக்கிறது. இன்றைய காற்றில் ஈரம் எவ்வளவு, இந்த மூட்டை உப்பு போன மூட்டையைப் போல இருக்கிறதா, எவ்வளவு கலந்தால் இன்றைக்குள் செலுத்தி முடிக்க முடியும் என்பதெல்லாம் அந்தக் கணக்கு. கலந்த மருந்தை மிச்சம் வைத்து மறுநாள் தொடுவது விபத்துக்கான பழைய, நன்கு தெரிந்த காரணங்களில் ஒன்று. வானவேடிக்கை ரகங்களுக்கு மணி மருந்து உருட்டிக் காயவைப்பவரின் கையும் அப்படிப்பட்டதுதான். 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் பேரியம் உப்பையும் சரவெடியையும் தடைசெய்தது. அதன் பின் மத்திய அரசின் சுற்றுச்சூழல் ஆய்வு நிறுவனமான நீரியின் புதிய கலவை முறைகள் வந்தன. பல ஆண்டுப் பழக்கத்தில் கை அறிந்துவைத்திருந்த அளவுகளை அந்தக் கைகள் புதிதாகக் கற்க வேண்டியிருந்தது. கற்றுக்கொண்டவரின் மதிப்பு கூடியிருக்கிறது.

அந்த மதிப்பைக் கூலி எப்படி அளக்கிறது? பீஸ் ரேட்டாக, எண்ணிக்கைக் கணக்கில். பிரச்சினையின் வேர் இங்கே இருக்கிறது. எண்ணிக்கைக் கூலி வேகத்துக்குப் பணம் கொடுக்கிறது. மருந்து அறையில் தேர்ச்சி என்பது பாதி நேரம் வேகத்தைக் குறைப்பது, சில நாள் இன்றைக்கு வேண்டாம் என்று நிறுத்துவது. அந்த நிதானத்துக்கு எந்தக் கூலி அட்டையிலும் இடமில்லை. கோல் அடிப்பதற்கு மட்டும் பணம் கொடுத்துவிட்டு, கோல் விழாமல் காக்கிற கோல்கீப்பருக்கு எதுவும் இல்லை என்று எந்த அணியும் சொல்லாது. ஆகவே அனுபவசாலி ஒருவர் ரேட் பத்தாது என்று வீட்டில் உட்காரும்போது அவர் கேட்பது வெறும் காசு கூடுதல் என்று முடிவுகட்டுவது அவசரம். அளவுகோலே தப்பு என்பதைச் சொல்ல அவருக்கு வேறு மொழி கொடுக்கப்படவில்லை. சரவெடி பின்னுவதிலும் மருந்து செலுத்துவதிலும் பல ஆண்டுத் தேர்ச்சி கொண்ட பெண்கள் இந்த மாவட்டம் முழுக்க இருக்கிறார்கள். அவர்களுடைய தேர்ச்சிக்கு நட்சத்திரம் என்ற பெயர்கூட யாரும் கொடுத்ததில்லை.

அவர் வராத நாளில் என்ன செய்ய வேண்டும்? என் முதல் பதில்: அந்த அறையைப் பூட்ட வேண்டும். அணியில் நட்சத்திரம் இல்லாவிட்டால் மாற்று ஆட்டக்காரரை இறக்கலாம், அதிகபட்சம் ஆட்டம் தோற்கும். மருந்து அறையில் மாற்று ஆளை இறக்குவது அப்படி இல்லை. 2012 செப்டம்பர் 5 அன்று இந்த வட்டாரத்தின் முதலிப்பட்டியில் நடந்த பட்டாசு ஆலை வெடிவிபத்தில் சுமார் 40 பேர் இறந்தார்கள். உதவிக்கு ஓடிவந்த அக்கம்பக்கத்து ஊர்க்காரர்களும் அதில் அடக்கம். 2021 பிப்ரவரி 12 அன்று அச்சங்குளத்தில் 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், ஆலை உள்குத்தகைக்கு விடப்பட்டிருந்தது பிறகு வெளியே வந்தது. இந்த விபத்துகள் ஒரு தொழிலாளி வராததால் நடந்தவை என்று நான் சொல்லவில்லை. ஓர் அறையில் 4 பேருக்கு மேல் இருக்கக்கூடாது என்ற விதியை மீறி ஆட்களை அடைப்பதும், மரத்தடியில் வேலை வாங்குவதும், பயிற்சியில்லாதவர் கையில் மருந்தைக் கொடுப்பதும் ஆர்டரை முடித்தாக வேண்டும் என்ற ஒரே அவசரத்திலிருந்து பிறக்கின்றன. தேர்ந்தவர் வர மறுக்கும் நாளில் அந்த அவசரம் உச்சத்துக்குப் போகிறது. அதனால் இந்தப் பேச்சுவார்த்தை கூலிப் பிரச்சினையாக மட்டும் இருக்க முடியாது. எத்தனை நாள் அறையைப் பூட்டிவைக்கத் தாங்கும் என்பதுதான் ஆலைக்காரரின் உண்மையான பேரம் பேசும் பலம். அந்தத் தாங்கும் சக்தியைப் புரட்டாசியில் உண்டாக்க முடியாது, கார்த்திகையிலேயே உண்டாக்க வேண்டும்.

இப்போது ஆலைக்காரருக்கு இருக்கும் ஒரே கருவி முன்பணம். கல்யாணச் செலவு, ஆஸ்பத்திரிச் செலவு, ஜூன் மாதப் பள்ளிக் கட்டணம் என்று ஏதோ ஒன்றுக்காகத் தொழிலாளி அட்வான்ஸ் வாங்குகிறார். கூலியில் கொஞ்சம் கொஞ்சமாகக் கழியும் என்பது பேச்சு. கழிவதற்குள் அடுத்த தேவை வந்துவிடுகிறது. வெளியேற நினைத்தால் பாக்கியைக் கட்டிவிட்டுப் போ என்கிறார்கள். புது ஆலைக்காரர் அந்தப் பாக்கியைக் கட்டி ஆளைக் கூட்டிப்போவது, விசைத்தறி, செங்கல் சூளை, பட்டாசு என்று முன்பணம் புழங்கும் தொழில்களில் பழகிப்போன வழி. கால்பந்தில் இதற்கு டிரான்ஸ்ஃபர் தொகை என்று பெயர். ஒரே ஒரு வேறுபாடு, அது பெரிய வேறுபாடு. அங்கே பழைய அணிக்குப் புது அணி கொடுக்கும் தொகை வீரரின் தலையில் கடனாக ஏறுவதில்லை. இங்கே ஏறுகிறது. ஆள் மாறுகிறார், கடன் கூடவே வருகிறது, இந்த முறை கொஞ்சம் பெரிதாக.

கால்பந்திலும் ஒரு காலத்தில் கட்டு இறுக்கமாகத்தான் இருந்தது. 1960-இல் இங்கிலாந்தின் நியூகாசில் யுனைடெட் அணியில் ஆடிய ஜார்ஜ் ஈஸ்டமின் ஒப்பந்தம் முடிந்தது. புதிய ஒப்பந்தத்தில் கையெழுத்திட அவர் மறுத்தார். அன்றைய விதிப்படி ஒப்பந்தம் முடிந்த பிறகும் அணி அவரைத் தன் பெயரில் வைத்துக்கொள்ளலாம். சம்பளம் தர வேண்டாம், வேறு அணிக்குப் போகவும் விடவேண்டாம். வாரச் சம்பளத்துக்கு 20 பவுண்டு என்ற உச்சவரம்பும் இருந்தது, ஆட்டமில்லாத கோடையில் அதுவும் 17 பவுண்டாகக் குறையும். ஈஸ்டம் ஊரைவிட்டுப் போய் தென் இங்கிலாந்தில் கார்க் விற்கும் வேலையில் சேர்ந்தார். மாதங்கள் கழித்து அணி இறங்கிவந்து 47,500 பவுண்டுக்கு ஆர்சனலுக்கு அவரை விற்றது. அவர் அத்தோடு நிற்கவில்லை. வீரர்கள் சங்கத்தின் துணையோடு தொடுத்த வழக்கில், ஒப்பந்தம் முடிந்தவரைக் கட்டிவைப்பது தொழில் செய்யும் உரிமைக்கு நியாயமற்ற தடை என்று 1963-இல் நீதிபதி வில்பர்ஃபோர்ஸ் தீர்ப்பளித்தார். ஒப்பந்தம் முடிந்தவருக்கு டிரான்ஸ்ஃபர் தொகையே கேட்கக்கூடாது என்ற அடுத்த படிக்கு, பெல்ஜியத்தின் ஜான்-மார்க் பொஸ்மன் வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம் 1995 டிசம்பர் 15 அன்று சொன்ன தீர்ப்பு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. வீரர்களை அவிழ்த்துவிட்டால் கால்பந்து அழிந்துவிடும் என்று இரண்டு முறையும் அணி உரிமையாளர்கள் அஞ்சினார்கள். அழியவில்லை. அணிகள் ஒப்பந்தத்தை முடிவதற்கு ஓராண்டு, ஈராண்டு முன்பே உட்கார்ந்து பேசிப் புதுப்பிக்கக் கற்றுக்கொண்டன.

நம் சட்டம் இந்த விஷயத்தில் பின்தங்கியதாகச் சொல்ல முடியாது. வாங்கிய முன்பணத்துக்காக வேறு வேலைக்குப் போகும் உரிமையை ஒருவர் இழப்பதைக் கொத்தடிமை முறையின் கூறாகவே 1976-ஆம் ஆண்டுச் சட்டம் வகைப்படுத்துகிறது. ஒருவரின் நேரடி உழைப்பைச் சார்ந்த ஒப்பந்தத்தை, வந்து வேலை செய் என்று கட்டாயப்படுத்தி நிறைவேற்றும் உத்தரவை நீதிமன்றம் தராது. நஷ்டஈடு கேட்கலாம், அவ்வளவுதான். கிரிக்கெட் வீரர் ஜாகீர் கானின் விளம்பர ஒப்பந்த வழக்கில் 2006-இல் உச்ச நீதிமன்றம் சொன்னதும் இதன் தொடர்ச்சி. ஒப்பந்தக் காலம் முடிந்த பிறகும் ஒருவரின் தொழில் சுதந்திரத்தைக் கட்டும் நிபந்தனை செல்லாது என்றது அது. 1982-இல் டெல்லி ஆசிய விளையாட்டுகளுக்காகக் கட்டடம் எழுப்பிய தொழிலாளர் வழக்கில், பிழைப்பின் நெருக்கடி காரணமாகக் குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே ஒருவர் வேலை செய்வதும் கட்டாய உழைப்புதான் என்று அதே நீதிமன்றம் விளக்கியது. ஆக, கணக்கு நோட்டைக் காட்டி ஆளை வரவழைக்கும் ஆலைக்காரர் சட்டத்தின் தவறான பக்கத்தில் நின்றுகொண்டு பேரம் பேசுகிறார். இது அவருக்கே ஆபத்து என்பதை அவருடைய சங்கங்கள் அவருக்குச் சொல்ல வேண்டும்.

ஒப்பந்தம் இருந்தால் போதுமா? போதாது என்பதற்கும் சாட்சி நியூகாசில்தான். 2025 மார்ச்சில் அந்த அணி லீக் கோப்பையை வென்றது, 70 ஆண்டுகளில் அதன் முதல் பெரிய உள்நாட்டுக் கோப்பை. இறுதியாட்டத்தில் கோல் அடித்தவர்களில் ஒருவர் அலெக்சாண்டர் இசாக். அவருக்கு 2028 வரை ஒப்பந்தம் இருந்தது. அந்தக் கோடையிலேயே அவர் ஆட மறுத்து ஒதுங்கினார். தனக்குக் கொடுத்த வாக்கு மீறப்பட்டது என்றார் அவர், அப்படி ஒரு வாக்கைப் பொறுப்பில் உள்ள யாரும் கொடுக்கவில்லை என்றது அணி. யார் சொன்னது உண்மை என்பதைவிட முக்கியமானது, அது காகிதத்தில் இல்லை என்பது. ஒரு மாதத்துக்கு மேல் இழுபறி. லீக்கின் முதல் 3 ஆட்டங்களில் நியூகாசில் ஒன்றிலும் வெல்லவில்லை. கடைசியில் டிரான்ஸ்ஃபர் கெடு முடியும் செப்டம்பர் 1 அன்று 12.5 கோடி பவுண்டுக்கு லிவர்பூல் அவரை வாங்கியது, பிரிட்டனில் அதுவரை இல்லாத தொகை. பணக் கணக்கில் நியூகாசில் தோற்கவில்லை. நாட்கணக்கில் தோற்றது. என்ன தொகை வந்தால் விடுவோம், எந்தத் தேதிக்குள் வர வேண்டும் என்பது முன்பே எழுதப்பட்டிருந்தால் ஜூலையிலேயே முடிந்திருக்கக்கூடிய விஷயம் அது.

விடவே மாட்டேன் என்று நின்றால் என்ன ஆகும் என்பதை 1998-இல் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் காட்டியது. அணியைப் பலப்படுத்துவதாகச் சொன்னதைச் செய்யவில்லை, கூட்டாளி முன்கள வீரரையும் விற்றுவிட்டார்கள் என்று டச்சு வீரர் பியர் வான் ஹூயிடாங்க் நவம்பர் வரை வர மறுத்தார். அணியும் விற்க மறுத்தது. பிறகு அவர் திரும்பிவந்து கோல் அடித்தபோது சக வீரர்கள் அவரைச் சூழ்ந்து கொண்டாடவில்லை. சீசன் முடிவில் அணி கடைசி இடத்துக்குப் போய்ப் பிரீமியர் லீக்கிலிருந்து கீழிறங்கியது. வேண்டா வெறுப்பாகத் திரும்பிவந்த கை பட்டாசு ஆலையில் எவ்வளவு ஆபத்தானது என்பதை விளக்க வேண்டியதில்லை. கடனுக்குப் பயந்து வந்து உட்கார்ந்திருப்பவரிடம் கவனத்தை எதிர்பார்க்க யாருக்கும் உரிமை இல்லை.

இந்தியாவிலேயே அண்மைக் காலத்தின் பெரிய வழக்கு அன்வர் அலியுடையது. இருதயக் கோளாறு காரணமாக ஆடக்கூடாது என்று தடுக்கப்பட்டு, நீதிமன்றம் வரை போய் மீண்டும் களத்துக்கு வந்த தடுப்பாட்டக்காரர் அவர். 2023-இல் டெல்லி எஃப்.சி. அவரை மோகன் பகானுக்கு 4 ஆண்டு இரவலாகக் கொடுத்தது. இரவலை ஓராண்டோடு நிறுத்த வேண்டும் என்ற திசையில் ஃபிஃபா விதிகள் நகர்ந்துகொண்டிருந்த நேரம் அது. 2024 கோடையில் அவர் அந்த ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு அதே ஊரின் பரம எதிரி அணியான ஈஸ்ட் பெங்காலுக்குப் போனார், கொல்கத்தாவில் அதைவிடப் பெரிய தீ மூட்ட முடியாது. செப்டம்பர் 10 அன்று அகில இந்தியக் கால்பந்து சம்மேளனத்தின் வீரர் தகுதிக் குழு அவருக்கு 4 மாதத் தடை என்றும், அவரும் டெல்லி எஃப்.சி.யும் ஈஸ்ட் பெங்காலும் சேர்ந்து மோகன் பகானுக்கு 12.9 கோடி ரூபாய் தர வேண்டும் என்றும் முடிவு சொன்னது. சில நாட்களிலேயே டெல்லி உயர் நீதிமன்றத்தில் அந்த முடிவு நிற்காமல் மறுவிசாரணைக்குப் போனது. அன்வர் ஈஸ்ட் பெங்காலுக்கு ஆடினார். மோகன் பகானின் கோபத்தில் நியாயம் இருக்கிறது, கையெழுத்துப் போட்டவர் பாதியில் போய்விட்டார். ஆனால் வெளியேறும் வழியே இல்லாமல் 4 ஆண்டுக்கு இரவல் ஒப்பந்தம் எழுதியவர்களும் இந்தச் சண்டையின் ஆசிரியர்கள்தான். கதவு இல்லாத அறையைக் கட்டினால் சுவரைத்தான் உடைப்பார்கள்.

முன்பணத்தால் கட்டாமல் வெளியேறும் வழியோடு ஒப்பந்தம் எழுதுங்கள் என்றால், ஆலைக்காரர்கள் அதற்குச் சொல்லும் மறுப்புகள் எளிதில் தள்ளக்கூடியவை அல்ல. முதலாவது, முன்பணம் வாங்கியவர் பாதியில் போனால் எங்கள் பணம்? அந்தப் பணம் திரும்ப வேண்டும், சந்தேகமில்லை. கடனைக் கடனாக மட்டும் எழுதினால் அது திரும்பும். தொகை, தவணை, ரசீது, எங்கே வேலை பார்த்தாலும் அதே தவணை. கடன் கொடுத்தவர் என்ற உரிமையையும் வேலை வாங்குபவர் என்ற உரிமையையும் ஒரே முடிச்சில் போடுவதுதான் சட்டவிரோதம். இன்னும் ஆழமாகப் பார்த்தால், அவர் ஏன் முன்பணம் கேட்கிறார் என்பதில் விடை இருக்கிறது. தீபாவளிக்குப் பின் ஆலை மூடிய வாரங்களிலும், மழை பெய்து காயவைக்க முடியாத நாட்களிலும் வீட்டில் அடுப்பு எரிய வேண்டும். ஈஸ்டமின் காலத்திலேயே கோடையில் 17 பவுண்டாவது கிடைத்தது. ஆட்டம் இல்லாத மாதத்திலும் வீரருக்குச் சம்பளம் உண்டு என்பதை எந்த அணியும் இன்று கேள்வி கேட்பதில்லை, அடுத்த சீசனுக்கு அவர் வேண்டும் என்பதால். மருந்து அறையில் இருப்பவருக்கு மூடிய வாரங்களில் ஒரு காத்திருப்புச் சம்பளம் கொடுத்தால், அவர் கேட்கும் முன்பணம் தானாகச் சுருங்கும்.

இரண்டாவது மறுப்பு, ஒருவருக்குக் கூட்டினால் எல்லோரும் கேட்பார்கள். கேட்பார்கள்தான், அதுவும் ரகசியமாகக் கூட்டினால் நிச்சயம் கேட்பார்கள். இன்ன வேலைக்கு, இத்தனை ஆண்டு அனுபவத்துக்கு, இன்ன பயிற்சி முடித்தவருக்கு இவ்வளவு தேர்ச்சிப்படி என்று போர்டில் எழுதி மாட்டினால் பேச்சு வேறு இடத்துக்கு நகர்கிறது. அவருக்கு மட்டும் ஏன் என்பது போய், அந்தப் படிக்கு நான் எப்படி வருவது என்று கேட்பார்கள். அனுபவசாலியின் கீழே இரண்டு பேர் முறையாகப் பழகுவதற்கான வாசல் அது. சொல்லிக்கொடுப்பதற்கும் அவருக்குத் தனியாகக் கொடுக்க வேண்டும், ஏனென்றால் சொல்லிக்கொடுக்கும் ஒவ்வொரு நாளும் அவர் தன் பேர பலத்தைக் கொஞ்சம் விட்டுக்கொடுக்கிறார். ஒரே ஆளை நம்பி ஆலை நடத்தும் நிலைமை அப்படித்தான் மாறும். இந்த ஊரின் தொழிலே இப்படிக் கைமாறி வந்ததுதான். அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1920-களில் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பியிருக்காவிட்டால் சிவகாசி இன்றைய சிவகாசி இல்லை. தேர்ச்சி ஒருவரோடு இடம் பெயர்வதைத் துரோகமாகப் பார்க்க இந்த ஊருக்குத் தகுதி குறைவு.

மூன்றாவது மறுப்பு எடை கூடியது. ஆடிப்பெருக்கு பூஜை முடிந்து ஆர்டர் எல்லாம் எடுத்தபிறகு, ஆவணியில் நின்றுகொண்டு ரேட் கேட்டால் அது பேச்சுவார்த்தையா, கழுத்தைப் பிடிப்பதா? கழுத்தைப் பிடிப்பதுதான். சீசன் ஒப்பந்தத்தில் மனமொத்துக் கையெழுத்திட்டவர் நடுவில் நின்றால் அது தவறு என்று சொல்ல நான் தயங்கவில்லை. கால்பந்தில் டிரான்ஸ்ஃபருக்கென்று காலம் குறித்திருப்பது இதற்காகத்தான். எப்போது வேண்டுமானாலும் பேரம் என்றால் யாரும் அணி கட்ட முடியாது. ஆகவே பட்டாசு சீசனுக்கும் பேச்சுக்கென்று ஒரு காலம் வேண்டும், ஆலை திறக்கும் பூஜைக்கு முந்தைய வாரங்கள் அதற்குப் பொருத்தமானவை. சீசனை முடித்தவருக்கு முடிவுத் தொகை, நடுவில் போனவருக்கு அது கிடையாது, ஒரு மாத அறிவிப்பு கொடுத்துப் போனால் பாதி உண்டு என்று எழுதலாம். தண்டனை அந்த அளவில் நிற்க வேண்டும். இவரை யாரும் சேர்க்காதீர்கள் என்று ஆலைக்கு ஆலை சொல்லி அனுப்புவது கூடாது. இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். 2018-இன் தீர்ப்புக்குப் பிறகு உற்பத்தியாளர்கள் மாதக்கணக்கில் ஆலைகளைத் திறக்காமல் நின்றார்கள், இந்த நிபந்தனையில் தொழில் செய்ய முடியாது என்று. அது அவர்களுடைய உரிமை. அந்த மாதங்களில் வருமானம் இழந்து வீட்டில் இருந்தவர்கள் தொழிலாளர்கள். கால்பந்திலும் இப்படி நடந்தது: 2025-இல் இந்தியன் சூப்பர் லீக்கை நடத்தும் ஒப்பந்தம் இழுபறியானபோது பெங்களூரு எஃப்.சி. வீரர்களின் சம்பளத்தை நிறுத்தியது, சென்னையின் எஃப்.சி. செயல்பாட்டையே நிறுத்திவைத்தது. ஒதுங்கி நின்று நிபந்தனை பேசும் உரிமை ஒரு பக்கத்துக்கு இருந்தால் மறுபக்கத்துக்கும் இருக்கிறது.

கோடிகள் புரளும் கால்பந்தையும் தினக்கூலியையும் ஒப்பிடுவது பொருந்தாது என்பவர்களுக்கு என் பதில், பொருந்தாத இடத்தில்தான் என் வாதம் வலுக்கிறது என்பது. இசாக் ஒரு கோடை முழுக்கச் சும்மா இருந்தாலும் பட்டினி கிடக்க மாட்டார். அவருக்கு ஏஜென்ட் உண்டு, வழக்கறிஞர் உண்டு, தீர்ப்பாயம் உண்டு. இரண்டு வாரம் வேலைக்குப் போகாவிட்டால் வட்டிக்குக் கடன் வாங்க வேண்டியவர் வர மறுக்கிறார் என்றால், அந்த முடிவுக்கு அவர் எவ்வளவு யோசித்து வந்திருப்பார் என்பதை ஆலைக்காரர் எண்ணிப்பார்க்க வேண்டும். சட்டத்தின் காவல் அவருக்குத்தான் கூடுதலாக வேண்டும். இந்தத் திட்டம் முழுவதும் உடைந்துபோகும் இடம் ஒன்றும் இருக்கிறது. அது உள்குத்தகை. உரிமம் ஒருவர் பெயரில், அறைகள் நான்கைந்து பேருக்குக் குத்தகையில் என்றால், அந்தக் குத்தகைக்காரருக்கு அடுத்த சீசன் என்பதே கிடையாது. அவர் யாரோடு ஒப்பந்தம் எழுதுவார், எதற்காக அறையைப் பூட்டுவார்? சிறு ஆலைகளின் லாபம் மெலிந்ததுதான். ஆனால் ஒரு வெடிவிபத்துக்குப் பின் உரிமம் ரத்து, வழக்கு, இழப்பீடு என்று வரும் செலவைத் தாங்கும் சிறு ஆலை எதுவும் இல்லை.

2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளின்படி ஒவ்வொரு தொழிலாளிக்கும் நியமனக் கடிதம் கொடுக்க வேண்டும். அந்தத் தொகுப்புகளைத் தொழிற்சங்கங்கள் எதிர்ப்பதற்குப் பல காரணங்கள் உண்டு, அவற்றில் சில வலுவானவை. இந்த ஒரு கடமையை மட்டும் இறுகப் பிடித்துக்கொள்ளலாம். வெறும் பெயரும் வேலையும் எழுதிய தாளாக அது வந்தால் பயனில்லை. மருந்து அறைக்கான நியமனக் கடிதத்தில் தேர்ச்சிப்படி, மூடிய வாரச் சம்பளம், சொல்லிக்கொடுக்கும் கூலி, அறிவிப்புக் காலம், முடிவுத் தொகை, கடன் தனிக் கணக்கு என்ற விவரம் ஆகியவற்றோடு, பாதுகாப்பு இல்லை என்று தோன்றும் நாளில் கலக்க மறுத்தால் கூலி பிடிக்கப்படாது என்ற வரியும் இருக்க வேண்டும். பட்டாசு உற்பத்தியாளர் சங்கமான டான்பாமாவும் சி.ஐ.டி.யு. போன்ற தொழிற்சங்கங்களும் தொழிலகப் பாதுகாப்பு இயக்ககத்தின் அதிகாரிகளும் ஒரு மேசையில் உட்கார்ந்தால் இப்படி ஒரு மாதிரிக் கடிதத்தை எழுத ஒரு வாரம் போதும். அடுத்த தீபாவளிக்கும் அதன் பின் ஆலை திறக்கும் பூஜைக்கும் இடையில் அந்த வாரம் கிடைக்கும். முதலில் பெரிய ஆலைகள் அதில் கையெழுத்துப் போடட்டும். பக்கத்து ஆலையில் இப்படி ஒரு கடிதம் கொடுக்கிறார்கள் என்ற செய்தி வேன் போகிற ஊர்களுக்கெல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டால், அதற்குப் பிறகு சிறிய ஆலைகளை யாரும் வற்புறுத்த வேண்டியிருக்காது.